ஸ்விட்ச் ஆஃப் பண்ணியாச்சு, சூடு ஆஃப் ஆகல

மூணாவது தடவையா அதே ஃபார்வேர்டு மாமாகிட்டேந்து வந்துச்சு. தோரியம்னு யுரேனியம் மாதிரி ஒரு கதிரியக்க உலோகம், அதை போட்டா அணு உலை உருகவே உருகாதாம், வெடிக்கவே வெடிக்காதாம், கழிவே கிடையாதாம், இதையெல்லாம் மறைச்சு வச்சிருக்காங்களாம். கீழ மாமாவோட கேள்வி: "மாப்ள, இது நெசமா? நீ இந்த லைன்லதான இருக்க?"

நான் அந்த லைன்ல இல்ல. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆளு, வால்வு, சென்சார், டிரான்ஸ்மிட்டர், இதுதான் என் உலகம். ஆனா அணு உலை விபத்துகளைப் பத்தி கிடைச்சதெல்லாம் படிக்கற ஒரு கிறுக்கு ரொம்ப நாளா இருக்கு. ரெண்டு வரில பதில் போடலாம்னு ஆரம்பிச்சு டைப் பண்ணி அழிச்சு டைப் பண்ணி அழிச்சு கடைசில இங்க வந்து உக்காந்துட்டேன்.

மாமா, முதல்ல ஒண்ணு. அணு உலைன்னா எல்லாரும் பயப்படறது அந்த தொடர்வினை (ஒரு அணு பிளந்து வர்ற நியூட்ரான் அடுத்த அணுவை பிளக்கறது) கை மீறி போயிடுமோன்னுதான். அதை நிறுத்தறது பெரும்பாலும் சுலபம், நியூட்ரானை முழுங்கற கன்ட்ரோல் ராடு உள்ள இறங்கினா சில செகண்டுல முடிஞ்சுது. தலைவலி அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. யுரேனியம் அணு பிளந்து வர்ற துண்டுகள் இருக்கே, அதுங்க நிலையில்லாததுங்க, தன்பாட்டுக்கு சிதைஞ்சு சிதைஞ்சு சூட்டை விட்டுக்கிட்டே இருக்கும், அதுக்கு எந்த ஸ்விட்சும் கிடையாது. நிறுத்தின உடனே முழு பவர்ல 6, 7 சதவீதம் அப்படியே இருக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு ஒன்றரை சதவீதம் கிட்ட, ஒரு நாள் கழிச்சு அரை சதவீதம் கிட்ட.

அரை சதவீதம்தானேன்னு தோணும். 1000 மெகாவாட் கரண்ட் தர்ற உலைல வெப்பம் சுமாரா 3000 மெகாவாட், அதுல அரை சதவீதம்னா 15 மெகாவாட். நானே பேப்பர்ல கணக்கு போட்டு பார்த்தேன், அந்த சூடு மணிக்கு 20 டன் பச்சத் தண்ணியை கொதிக்க வச்சு ஆவியாக்கிடும். அதுவும் நிறுத்தி ஒரு நாள் ஆனப்புறம்! யாராவது அந்த 20 டன்னை ஊத்திக்கிட்டே இருக்கணும், ராத்திரி பகல், கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும்.

ஊத்தலன்னா என்ன ஆகும்னு பார்க்க எரிபொருளை கிட்டத்துல பார்க்கணும். இப்ப ஓடற பெரும்பாலான உலைகள்ல இருக்கறது யுரேனியம் ஆக்சைடு பெல்லட், சுண்டுவிரல் நுனி சைஸ், கறுப்பா செராமிக் மாதிரி. அதை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி கிட்டத்தட்ட 4 மீட்டர் நீள குழாய்க்குள்ள போட்டு ரெண்டு பக்கமும் வெல்டு அடிச்சிடுவாங்க, அந்த குழாய் சிர்கோனியம் கலவை. ஏன் சிர்கோனியம்னா அது நியூட்ரானை முழுங்காது, விட்டுடும். நல்ல குணம். கெட்ட குணம் என்னன்னா 1200 டிகிரி கிட்ட போனா நீராவியோட வேகமா சேர்ந்து அதுலேந்து ஆக்சிஜனை பிடுங்கிக்கும், மிச்சம் ஹைட்ரஜன் வெளிய வரும், அந்த வினையே தனியா சூட்டையும் தரும். அதாவது ஏற்கனவே ஆற வழியில்லாம கிடக்கற இடத்துல இன்னொரு அடுப்பை பத்த வச்ச கதை.

2011 மார்ச் 11 ஜப்பான்ல ஃபுகுஷிமால இதுதான் நடந்துச்சு. மதியம் 2:46க்கு நிலநடுக்கம், ஓடிக்கிட்டு இருந்த மூணு உலைலயும் ராடு ஒழுங்கா இறங்கிடுச்சு, தொடர்வினை நின்னுடுச்சு, வெளி கரண்ட் போச்சு, டீசல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆச்சு. இதுவரைக்கும் எல்லாமே டிசைன் பண்ணபடி. ஒரு 50 நிமிஷம் கழிச்சு பெரிய அலை வந்து, பேஸ்மென்ட்ல இருந்த டீசல் எல்லாம் தண்ணிக்குள்ள. 1, 2ஆவது உலைகளோட கன்ட்ரோல் ரூம்ல லைட் இல்ல, மீட்டர் எதுவும் வேலை செய்யல, உள்ள தண்ணி மட்டம் எவ்வளவுன்னே தெரியல. அங்க இருந்த ஆளுங்க வெளிய நின்ன கார்கள்லேந்து பேட்டரியை கழட்டிட்டு வந்து மீட்டருக்கு கனெக்‌ஷன் குடுத்து ரீடிங் பார்த்தாங்க. இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆளா இதை படிக்கும்போது எனக்கு வயித்தை என்னவோ பண்ணும், இருட்டுல கார் பேட்டரியை தூக்கிட்டு ஓடறது, அதுவும் எதுக்கு, ஒரே ஒரு நம்பரை பார்க்க.

இன்னொரு விஷயம் நிறைய பேர் சொல்றதில்ல. அதே வளாகத்துல 5, 6ன்னு ரெண்டு உலை இருந்துச்சு, பராமரிப்புக்காக ஏற்கனவே நிறுத்தி வச்சது, ஆனா எரிபொருள் உள்ளதான் இருந்துச்சு, சூடும் இருந்துச்சு. அதுங்க தப்பிச்சதுக்கு காரணம் 6ஆவது உலையோட ஒரே ஒரு டீசல், அது காத்துல ஆறற டைப், கடல் தண்ணி பம்ப் தேவையில்ல, அலைல முழுகாத இடத்துல இருந்துச்சு. அதை வச்சு ரெண்டு உலையையும் மாத்தி மாத்தி காப்பாத்திட்டாங்க. எரிபொருள் அதே ரகம், கம்பெனி அதே கம்பெனி, அலையும் அதே அலை. (3ஆவது உலைல புளூட்டோனியம் கலந்த எரிபொருள் 32 கட்டு இருந்துச்சு, அதனாலதான் உருகிச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லும். பக்கத்துல 1ஆவதும் 2ஆவதும் அது இல்லாமயே உருகிச்சே, அதுக்கு என்ன சொல்வாங்க?)

அதனால யாராவது புது எரிபொருள்னு சொன்னா நான் கேக்கறது ஒரே கேள்விதான். கரண்ட் இல்ல, ஆள் இல்ல, மூணு நாள். உள்ள என்ன ஆகும்? மாமா ஃபார்வேர்டுல இதுக்கு பதிலே இல்ல.

தோரியத்துக்கு வரதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லிடறேன், அது இல்லாம 1979 விபத்து புரியாது. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு பிளான்ட்ல (பேர் வேணாம்) ஒரு ஸ்டீம் லைன் வால்வு, ஸ்கிரீன்ல பச்சை, மூடியிருக்குன்னு அர்த்தம். ஆனா வால்வுக்கு அந்தப்பக்கம் பைப் கிட்ட கையை கொண்டு போகவே முடியல, அவ்வளவு அனல். ஷிப்ட் இன்சார்ஜ்கிட்ட சொன்னேன், "ஸ்கிரீன்ல குளோஸ்னு இருக்கே தம்பி, பழைய சூடா இருக்கும்"ன்னாரு. சந்தேகம் தீரல, லாஜிக்கை திறந்து பார்த்தா விஷயம் புரிஞ்சுது, வால்வு நிஜமா மூடிச்சான்னு சொல்ற லிமிட் சுவிட்ச் எப்பவோ கெட்டுப் போச்சு, யாரோ தற்காலிகமா அந்த சிக்னலை, மூடச் சொன்னாலே மூடிட்டதா காட்டற மாதிரி, ஃபோர்ஸ் பண்ணி வச்சிருக்காங்க, தற்காலிகம் எட்டு மாசமா ஓடிக்கிட்டு இருக்கு. ஸ்கிரீன் காட்டினது வால்வு மூடியிருக்குங்கறத இல்ல, மூடச் சொல்லியாச்சுங்கறத.

இப்ப அமெரிக்கால திரீ மைல் ஐலண்ட் உலை, 1979 மார்ச் 28, விடிகாலை 4 மணி. பிரஷர் ஏறினதும் ஒரு ரிலீஃப் வால்வு திறந்துச்சு, சரி, திறக்கணும். அப்புறம் மூடணும், மூடல, ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு. பேனல்ல லைட் அணைஞ்சுடுச்சு. அந்த லைட்டுக்கு கனெக்‌ஷன் எங்கேந்துன்னா வால்வை இயக்கற மின்காந்தமான சொலினாய்டுலேந்து, வால்வு எங்க இருக்குன்னு பார்க்கற எதுலேந்தும் இல்ல. மூடச் சொல்லியாச்சு, அவ்வளவுதான். வால்வுக்கு அந்தப்பக்கம் பைப்ல டெம்பரேச்சர் அதிகமாதான் காட்டிச்சு, ஆனா அந்த வால்வு முன்னாடியே கொஞ்சம் கசிஞ்சுக்கிட்டு இருந்ததால அது எப்பவும் சூடாதான் இருக்கும்னு விட்டுட்டாங்க. போதாததுக்கு பிரஷரைசர்ல (உலையோட பிரஷரை பிடிச்சு வைக்கற தொட்டி) தண்ணி மட்டம் நிறைய இருக்கற மாதிரி காட்டினதால, தானா ஓடிக்கிட்டு இருந்த எமர்ஜென்சி பம்பையும் குறைச்சாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல தண்ணி வெளிய போயிட்டே இருந்துச்சு, எரிபொருள்ல பாதி உருகிச்சு. அந்த ஆபரேட்டர்களை முட்டாள்னு எழுதறவங்களை பார்த்தா எனக்கு கோவம் வரும். நானும் அந்த நாற்காலில உக்காந்திருந்தா லைட்டைத்தான் நம்பியிருப்பேன்.

செர்னோபில் வேற ரகம். அங்க சூடு ஆறாதது இல்ல, தொடர்வினையே கை மீறிச்சு, தண்ணி ஆவியாக ஆவியாக பவர் ஏறற டிசைன், அதுக்கு மேல ராடு முனைல கிராஃபைட், நிறுத்தற பட்டனை அமுக்கினதும் முதல்ல பவர் ஏறிச்சு. அந்த மாதிரி டிசைனை எந்த எரிபொருள் போட்டும் நியாயப்படுத்த முடியாது, அதோட விட்டுடறேன்.

ஆனா அதே 1986 ஏப்ரல்ல, செர்னோபிலுக்கு 23 நாள் முன்னாடி, 3ஆம் தேதி, அமெரிக்கால ஐடஹோல நடந்த ஒண்ணு யாருக்கும் தெரியறதில்ல, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே பிடிச்ச நாள் அதுதான். ஈபிஆர்-2ன்னு ஒரு சின்ன சோடியம் உலை (தண்ணிக்கு பதிலா உருகின சோடியத்தால ஆற வைக்கறது), 62.5 மெகாவாட் வெப்பம். முழு பவர்ல ஓடிட்டு இருக்கும்போது வேணும்னே பம்பை எல்லாம் நிறுத்தினாங்க, தானா ராடு இறங்கற ஏற்பாட்டையும் முடக்கி வச்சிட்டு. டெம்பரேச்சர் சட்டுனு ஏறிச்சு, அப்புறம் தானா இறங்கிச்சு, உலை தன்னால அடங்கிடுச்சு. அன்னிக்கே மத்தியானம் இன்னொரு டெஸ்ட், வெப்பம் வெளிய போற வழியை அடைச்சாங்க, அதுக்கும் தானா அடங்கிடுச்சு. யாரும் எதையும் தொடல.

இதுல கவனிக்க வேண்டியது எரிபொருள். அங்க போட்டது செராமிக் இல்ல, யுரேனியம் கலவை உலோகம். உலோகம் 1100 டிகிரி வாக்குல உருகிடும், செராமிக் பெல்லட்டோ 2800 டிகிரி வரைக்கும் தாங்கும். அப்ப செராமிக்தானே பாதுகாப்புன்னு தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா செராமிக் சூட்டை கடத்தறதுல படு மோசம், ஓடும்போது ஓரத்துல 400, 500 டிகிரி இருந்தா நடுவுல 1000க்கு மேல இருக்கும், அவ்வளவு சூட்டை உள்ள பதுக்கி வச்சிருக்கு. உலோகம் அப்படி பதுக்காது, உள்ளயும் வெளியயும் கிட்டத்தட்ட ஒரே சூடு, சோடியமும் பிரஷர் இல்லாம ஒரு பெரிய தொட்டில கிடக்கு, 883 டிகிரி வரைக்கும் கொதிக்காது. சூடு ஏறினா உலை லேசா விரியும், விரிஞ்சா நியூட்ரான் வெளிய தப்பிக்கும், வினை தணிஞ்சுடும். அதனால உருகுநிலையை மட்டும் வச்சு எது நல்ல எரிபொருள்னு சொல்ற கட்டுரையை பார்த்தா நான் அதோட மூடிடுவேன்.

சோடியத்துக்கு என்ன குறைன்னு கேட்டா, காத்து பட்டா எரியும், தண்ணி பட்டா இன்னும் மோசம். ஜப்பான்ல மோஞ்சு உலைல 1995 டிசம்பர்ல சோடியம் கசிஞ்சு தீ பிடிச்சதுக்கு காரணம் பைப்புக்குள்ள டெம்பரேச்சர் பார்க்க சொருகியிருந்த தெர்மோவெல் அதிர்வுல உடைஞ்சதுதான். தெர்மோவெல்! நாங்க தினமும் மாட்டற சாமான்.

அடுத்து டிரைசோன்னு ஒரு எரிபொருள். இது அழகான சாமான்னே சொல்வேன். அரை மில்லிமீட்டர் யுரேனியம் உருண்டை, அதை சுத்தி பஞ்சு மாதிரி கார்பன், அதுக்கு மேல கெட்டி கார்பன், அதுக்கு மேல சிலிக்கான் கார்பைடு, மறுபடி கார்பன், எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டருக்குள்ள. ஒவ்வொரு மணிக்கும் அதுவே ஒரு பாத்திரம், 1600 டிகிரி வரைக்கும் உள்ள இருக்கறதை கெட்டியா பிடிச்சு வச்சுக்கும். ஆயிரக்கணக்குல இதை கிராஃபைட்டோட சேர்த்து 6 சென்டிமீட்டர் பந்தா பிடிப்பாங்க. சீனால ஷிதாவோ விரிகுடால இந்த மாதிரி உலை 2023 டிசம்பர்லேந்து வணிக ரீதியா ஓடுது, அதுக்கு முன்னாடி அந்த வருஷமே ஓடிட்டு இருந்த உலைல குளிரூட்டலை நிறுத்தி டெஸ்ட் பண்ணாங்க, சூடு தானா சுவர் வழியா வெளிய போயிடுச்சு. என் மூணு நாள் கேள்விக்கு நேரடியா பதில் சொன்ன ரொம்ப சில உலைகள்ல இது ஒண்ணு.

ஆனா அதுக்கு குடுக்கற விலை அளவு. அங்க ஒரு உலைக்கு 250 மெகாவாட் வெப்பம்தான், சாதா பெரிய உலைக்கு 3000. சின்னதா வச்சாதான் சூடு தானா வெளிய போகும், எரிபொருள் பாதி காரணம்னா இந்த சைஸ் மீதி பாதி. பந்து உலையெல்லாம் பிரச்னையே இல்லாததுன்னும் நினைக்க வேணாம். ஜெர்மனில ஏவிஆர்னு ஒண்ணுல உருகற கம்பி வச்ச பந்துகளை உள்ள அனுப்பி பார்த்தப்போ நினைச்சதை விட எக்கச்சக்கமா சூடு இருந்தது தெரிய வந்துச்சு. அதே ஜெர்மனில 1985ல வந்த டிஹெச்டிஆர்-300, இது தோரியம் போட்டது மாமா, கவனிங்க, கன்ட்ரோல் ராடை நேரா பந்துக் குவியலுக்குள்ளயே சொருகற டிசைன், பந்துகள் எதிர்பார்த்ததை விட அதிகமா உடைஞ்சுது. 1986 மே மாசம் ஒரு பந்து சிக்கிக்கிட்டு அதை எடுக்கறேன்னு பண்ணதுல கதிரியக்க தூசி கொஞ்சம் வெளிய போச்சு, செர்னோபில் நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு, ஜனங்க விடுவாங்களா, 1989ல மூடிட்டாங்க.

இருக்கற உலைலயே எரிபொருளை மாத்தற முயற்சியும் ஓடுது, ஃபுகுஷிமாவுக்கு அப்புறம் சூடு பிடிச்சது. சிர்கோனியம் குழாய் மேல மெல்லிசா குரோமியம் பூச்சு, இல்லாட்டி இரும்பு-குரோமியம்-அலுமினியம் கலவைல குழாய், இல்லாட்டி சிலிக்கான் கார்பைடு. இரும்புக் கலவை நியூட்ரானை முழுங்கும், அதனால யுரேனியத்துல எரியற பங்கை (செறிவு) கூட்டணும். சிலிக்கான் கார்பைடு வளையாது, விரிசல் விட்டுடும், முனையை மூடறதே பாடு. குரோமியம் பூச்சுதான் கைக்கு எட்டற தூரத்துல இருக்கு, சோதனைக்கு நிஜ உலைகள்லயே போட்டு ஓட்டிட்டாங்க. இதெல்லாம் விபத்தை தடுக்காது, அவகாசம் குடுக்கும். அவகாசம் சின்ன விஷயம் இல்ல, ஃபுகுஷிமால கூடுதலா கொஞ்சம் நேரம் இருந்திருந்தா கரண்டை கொண்டு வர இன்னும் வாய்ப்பு இருந்திருக்கும். அதே யுரேனியத்தை வச்சே ஏபி1000ன்னு ஒரு உலை டிசைன்ல கட்டடத்துக்கு மேல தண்ணி டேங்க் வச்சிருக்காங்க, பம்ப் வேணாம், புவியீர்ப்புல இறங்கும், 72 மணி நேரம் தாங்கும். எரிபொருளை மாத்தாமயே மூணு நாள்.

இப்ப மாமாவோட தோரியம். தோரியம் தானா எரியாது. அது விறகு இல்ல, விறகா மாறக்கூடிய பச்சை மரம். ஒரு நியூட்ரானை வாங்கி புரோட்டாக்டினியம் ஆகி, அது 27 நாள் அரை ஆயுள்ல (27 நாளைக்கு ஒருக்கா பாதியாகற கணக்கு) சிதைஞ்சு யுரேனியம்-233ங்கற யுரேனிய வகை ஆகும், எரியறது அந்த யுரேனியம்தான். அது பிளந்தாலும் கிட்டத்தட்ட அதே மாதிரி துண்டுகள்தான், கிட்டத்தட்ட அதே மிச்ச சூடுதான். உலையை நிறுத்தினப்புறம் 15 மெகாவாட்டை யாரு எடுக்கறதுங்கற கேள்வி அப்படியேதான் நிக்குது. இதுல ஒரு வேடிக்கை, நிறுத்தி வச்சப்புறமும் புரோட்டாக்டினியம் மெதுவா யுரேனியம்-233ஆ மாறிக்கிட்டே இருக்கும், சும்மா கிடக்கற உலைல வாரக்கணக்குல எரிபொருள் கூடும், ராடு கணக்கு போடறவங்க இதையும் சேர்த்துதான் போடணும். இன்னொண்ணு, உலையை நிதானமா கட்டுப்படுத்த முடியறதே கொஞ்சம் லேட்டா வர்ற நியூட்ரான்களாலதான், இப்ப உலைகள்ல எரியற யுரேனியம்-235ல ஆயிரத்துக்கு ஆறரை லேட்டா வரும், யுரேனியம்-233ல ரெண்டரை சொச்சம், புளூட்டோனியத்துல ரெண்டு. லகான் கொஞ்சம் குட்டைன்னு வச்சுக்கலாம்.

நல்ல குணமும் இருக்கு, இல்லன்னு சொல்லல. தோரியம் ஆக்சைடு 3300 டிகிரி தாண்டிதான் உருகும், சூட்டை யுரேனியம் ஆக்சைடை விட நல்லா கடத்தும், ரசாயன ரீதியா அசையவே அசையாது, நீண்ட நாள் கழிவுல புளூட்டோனியம் வகையறா குறைவு. அமெரிக்கால ஷிப்பிங்போர்ட் உலைல 1977லேந்து 1982 வரைக்கும் தோரியத்தையும் யுரேனியம்-233ஐயும் போட்டு ஓட்டிட்டு வெளிய எடுத்து எண்ணிப் பார்த்தா ஆரம்பத்துல போட்டதை விட 1.39 சதவீதம் கூடுதலா எரியக்கூடிய சரக்கு இருந்துச்சு, அதுவும் சாதா தண்ணி உலைல. கல்பாக்கத்துல காமினின்னு 30 கிலோவாட் குட்டி உலை 1996லேந்து யுரேனியம்-233ல இருக்கு. ஆக யாரும் மறைக்கல மாமா, பண்ணிப் பார்த்திருக்காங்க. கஷ்டம் எங்கன்னா யுரேனியம்-233 கூடவே யுரேனியம்-232ம் ஒட்டிக்கிட்டு வரும், அதோட வாரிசு ஒண்ணு பயங்கரமான காமா கதிர் விடும், அதனால பெல்லட் செய்யறதையே கனத்த சுவருக்கு அந்தப்பக்கம் இயந்திரக் கையை வச்சுத்தான் செய்யணும். வெட்டி எடுக்க தோரியம் நிறைய இருக்குங்கறதால மட்டும் இது ஓடிடாது.

ஃபார்வேர்டுல "1960கள்லயே தோரியம் உலை ஓடிச்சு"ன்னு ஒரு படம் இருக்கே, அது அமெரிக்கால ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தோட உருகு உப்பு உலை (எரிபொருளை உருகின உப்புல கரைச்சு ஓட்டறது), 1965லேந்து 1969 வரைக்கும். அதுல தோரியமே போடல! 1968ல யுரேனியம்-233 போட்டாங்க, அது வேற உலைல செஞ்சு கொண்டு வந்தது. எரிபொருளே திரவமா ஓடும், பிரஷர் கிடையாது, கீழ ஒரு இடத்துல உப்பை உறைய வச்சு அடைப்பு மாதிரி வச்சிருப்பாங்க, கரண்ட் போனா அடைப்பை ஆற வைக்கற விசிறி நிக்கும், உருகும், எல்லாம் தானா கீழ தொட்டிக்கு போயிடும். நல்ல யோசனை, நெசமாவே. ஆனா மிச்ச சூடும் உப்போட சேர்ந்துதான் கீழ போகும், தொட்டியையும் ஆற வைக்கணும். அப்புறம் உலையை மூடி உப்பை உறைஞ்ச நிலைல தொட்டிலயே விட்டுட்டாங்க, 1990கள்ல திறந்து பார்த்தா கதிர்வீச்சால உப்புலேந்து ஃபுளோரின் வாயு பிரிஞ்சு, யுரேனியமும் வாயுவா மாறி பைப் வழியா கரி வடிகட்டி வரைக்கும் போய் உக்காந்திருக்கு. அஞ்சு வருஷம்கூட ஓடாத உலையை சுத்தம் பண்ண அதை விட ரொம்ப அதிக வருஷம் ஆச்சு. இப்ப சீனால கான்சு மாகாணத்துல 2 மெகாவாட் சைஸ்ல இதை திரும்ப ஆரம்பிச்சிருக்காங்க, 2023ல தொடர்வினை தொடங்கிச்சு, அதுக்கு அடுத்த வருஷம் தோரியமே உள்ள போட்டாங்க. நான் ஆசையோட பார்த்துட்டு இருக்கேன்.

இவ்வளவையும் சுருக்கி வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன், ஏழு நிமிஷம். மாமா முழுசா கேட்டிருக்காரு, ஆச்சரியம்தான். திருப்பி ஒரே கேள்வி. "அது சரி மாப்ள, அப்ப எரிச்சு முடிச்ச ராடு எப்பதான் ஆறும்?"

வெளிய எடுத்ததும் ஆழமான தண்ணித் தொட்டில போடுவாங்க மாமா, பம்ப் வச்சு அந்த தண்ணியை சுத்த விட்டுக்கிட்டே இருப்பாங்க, பொதுவா ஒரு அஞ்சு வருஷமாவது அங்க கிடக்கும். அதுக்கப்புறம் எடுத்து இரும்பும் கான்கிரீட்டுமா இருக்கற பெரிய பீப்பாய்க்குள்ள வச்சு வெளிய நிறுத்திடுவாங்க. அப்பவும் சூடாதான் இருக்கும், ஆனா பம்ப் வேணாம், சும்மா காத்து பட்டா போதும்.